அபர்டீனில் ஒளித்து வைத்த அக்கா

லாக்கி பர்விஸ் திரையில் செத்த அளவுக்கு ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரத்தில் வேறு எவனும் செத்தது கிடையாது. அம்பு பட்டுச் செத்திருக்கிறான், குதிரையிலிருந்து விழுந்து செத்திருக்கிறான், சூப்பில் கலந்த விஷத்தால் செத்திருக்கிறான். ஒரு படத்தில் பெயர் போடுவதற்கு முன்பே செத்துப்போனான். தாமதமாக வந்து உட்கார்ந்தவர்கள் அவன் அந்தப் படத்தில் இருப்பதையே நம்பவில்லை.

ஊர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லண்டனில் அவன் லாக்லன் பர்விஸ், நாடக, திரைப்பட நடிகர். கிரீனக்கில் அவன் சர்க்கரை ஆலை ஐனாவின் தம்பி. கசாப்புக் கடை வரிசையில் யாராவது, "நேத்து டிவில உன் தம்பி செத்தத பாத்தோம் ஐனா" என்று சொன்னால், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"அவன் வாரா வாரம் சாவான். எனக்கு அரை பவுண்டு கொத்துக்கறி போடுங்க."

அம்மா நிஜமாகவே செத்தது நாற்பத்தொன்று மே மாதம், ஜெர்மன்காரன் குண்டு போட்டபோது. சாராய ஆலை பற்றி எரிந்து, ஆற்றின் அக்கரை வரை வெளிச்சம் தெரிந்தது என்பார்கள். அப்பா ஏற்கெனவே கடலோடு போனவர். லாக்கிக்கு ஏழு வயது, ஐனாவுக்குப் பதினேழு. அவள் மறுநாளே தலைத்துணியைக் கட்டிக்கொண்டு சர்க்கரை ஆலையில் போய் நின்றாள். கொதிக்கும் பாகு சிந்திச் சிந்திக் கெட்டித்துப் போன தரையை மண்டியிட்டுத் தேய்க்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது கருகிய சர்க்கரை வாசம் அவளுக்கு முன்னால் மாடிப்படி ஏறி வரும். இன்றைக்கும் எங்காவது சர்க்கரை தீய்ந்தால் லாக்கிக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். லண்டன் ஓட்டல்களில் இனிப்பு வகைகளைப் பார்த்து அவன் கண் கலங்கியதை வெயிட்டர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

வீடு என்றால் ஒரு அறையும் ஒரு சமையலறையும். சமையலறைச் சுவரின் பள்ளத்துக்குள் கட்டில். சாயங்காலமானால் லாக்கி அதன்மேல் ஏறி நின்று ஊரையே நடித்துக் காட்டுவான். பாதிரியார் இருமுவதை, வாடகை வசூல்காரர் படியேறி மூச்சு வாங்குவதை, பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பைத் தேடுவதை. ஐனா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒருத்தியை மட்டும் அவன் நடித்துக் காட்டியதே இல்லை. சூப் கரண்டி அவள் கையில் இருந்தது.

வளர்ந்ததும் எல்லாப் பையன்களையும் போலக் கப்பல் பட்டறைக்குப் போனான். பற்றவைப்பு வேலை கற்றுக்கொண்டான், அதாவது கற்றுக்கொள்வது போல நடித்தான். சாயங்காலம் சர்ச் கூடத்தில் நாடகம். கிளாஸ்கோ நாடகக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று ஒருநாள் வந்து சொன்னபோது ஐனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நடிப்பா. அதெல்லாம் ஒரு வேலையாடா?"

"சம்பளம் தர்றாங்கக்கா."

"எதுக்கு?"

"வேற ஆளா இருக்கறதுக்கு."

"இருக்கற ஆளுக்கு என்ன கொறச்சல்?" ஐனா மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். "சரி. நான் ஒண்ணும் சொல்லல."

ஐனா ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். பாத்திரத்துக் கிழங்கு முழுக்க உரித்து முடியும் வரை பேசினாள். பட்டறையில் கிடைக்கிற நிரந்தர வேலை, மேடை ஏறிய ஒருவன் குடித்தே அழிந்தது, கிளாஸ்கோ பெண்களின் உதட்டுச் சாயம், எதையும் விடவில்லை. மறுநாள் காலையில் அவனுடைய சட்டைகளெல்லாம் இஸ்திரி போட்டுப் பெட்டியில் இருந்தன.

அதற்குப் பிறகு நீண்ட ஓட்டம். வாரம் ஒரு நாடகம் போடும் கம்பெனிகளில் திங்கட்கிழமை கொலைகாரன், அடுத்த திங்கட்கிழமை மருத்துவர். லண்டனில் முதல் படம். அதில் இயக்குநர் அவனை நிறுத்தினார்.

"தம்பி, கொஞ்சம் ஸ்காட்லாந்துக்காரன் மாதிரி பேசு."

"நான் அப்படித்தான் சார் பேசறேன்."

"இல்ல. புரியற ஸ்காட்லாந்துக்காரன்."

லாக்கி புரிகிற ஸ்காட்லாந்துக்காரனாக அந்த ஊர் ஆம்பளைகள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு பேசினான். மூன்றாவது நிமிடத்தில் அம்பு பட்டுச் செத்தான். வாய்ப்புகள் வந்தன. போலீஸ் ஏட்டு, போலீஸ் ஏட்டு, மறுபடியும் போலீஸ் ஏட்டு. நல்ல நடிகன் என்றார்கள். ஆனால் அவனைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கியவர் ஒருவரும் இல்லை. இது அவனுக்கும் தெரியும்.

அறுபத்திரண்டில் அது மாறியது. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் பான்டோ என்கிற சிரிப்பு நாடகம் போடுவார்கள். பேருக்கு ஒரு தேவதைக் கதை இருக்கும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. எல்லாரும் காத்திருப்பது கிழவிக்குத்தான். கிழவி வேஷம் கட்டுவது எப்போதும் ஓர் ஆம்பளை. கூட்டம் கிழவியோடு வாயாடும், கிழவி கூட்டத்தோடு வாயாடுவாள். அபர்டீன் நகரத்தில் கிழவி வேஷக்காரர் காலை உடைத்துக்கொண்டதால் லாக்கியைக் கூப்பிட்டார்கள்.

ஒத்திகையில் அவன் பண்ணியது எதுவும் எடுபடவில்லை. குரலைக் கீச்சென்று ஆக்கினான், இடுப்பை ஆட்டினான். பியானோ வாசிப்பவர் கொட்டாவி விட்டார். வெறுத்துப்போய், யாரோ கழற்றிப் போட்ட பெண்கள் கோட்டைக் குளிருக்காக மாட்டிக்கொண்டு, தலைத்துணியைக் கட்டி, கைப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே கிளம்பினான். நாலடி நடந்ததும் மேடையே சிரித்தது. அவன் திரும்பிப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, "நான் ஒண்ணும் சொல்லல" என்றான். பியானோக்காரர் கட்டைகள் மேலேயே கவிழ்ந்துவிட்டார்.

ஐனா வந்துவிட்டாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை வீசி, கப்பல் மாதிரி அசைந்து வருகிற அந்த நடை. பத்தடிக்கு ஒருமுறை நின்று, யார் வீட்டு ஜன்னலையோ நோட்டம் விடுகிற அந்தத் தோரணை. அபர்டீன் ஜனங்கள் அழுது அழுது சிரித்தார்கள். அடுத்த வருஷம் சுவரொட்டியில் அவன் பெயர் எல்லாருக்கும் மேலே இருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பயமும் பிடித்துக்கொண்டது. ஐனா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நகை நட்டு இல்லை, வீடு சொந்தமில்லை. தெருவில் போகும்போது ஒருத்தனும் தன்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த கௌரவம். அதைத்தான் தம்பிக்காரன் எடுத்துக்கொண்டு போய் வருஷா வருஷம் ஆயிரம் பேருக்கு முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். தெரிந்தால் அவள் கத்த மாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள். வாடகை வசூல்காரரோடு ஒருமுறை அப்படி நிறுத்தினாள். அவர் செத்த பிறகும் பேசவில்லை.

அதனால் அக்காவை அபர்டீனிலேயே ஒளித்து வைத்தான். கிரீனக்கிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் ரயில் ஏறி நாடகம் பார்க்கப் போவதில்லை. "டிக்கெட்டெல்லாம் தீந்துடுச்சுக்கா" என்பான். "அங்க ஒரே ஃப்ளூ காய்ச்சல்" என்பான். கிளாஸ்கோவின் பெரிய அரங்குகள் இரட்டைச் சம்பளம் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டன. கிரீனக்குக்கும் கிளாஸ்கோவுக்கும் ஒரு மணி நேரப் பயணம். மாட்டேன் என்றுவிட்டான். அவனுடைய ஏஜென்ட் அவனுக்கு மூளை பிசகிவிட்டது என்றே முடிவு கட்டினார்.

எழுபத்துநாலில் கிரீனக் ஆல்பா அரங்கிலிருந்து முர்டோ லண்டனுக்கு வந்தான். மேடை மேலாளர். கூரை ஒழுகுகிற அரங்கத்துக்குக் கிழவி வேண்டும் என்று கேட்டான். லாக்கி முடியாது என்றான். முர்டோ சும்மா விடவில்லை. ஊர் திரும்பியதும் நேராக மீன்வறுவல் கடைக்குப் போய், வரிசையில் நின்ற ஐனாவிடம் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே தெருமுனைப் பெட்டியிலிருந்து லண்டனுக்குப் போன் வந்தது.

"ஊர் ஊராப் போயி ஆடறவனுக்குச் சொந்த ஊருக்கு வர்றதுக்கு என்னடா கேடு?"

"அது இல்லக்கா. அந்த அரங்கத்துல கூரை..."

"கூரைய நான் பாக்க வரல. நான் ஒண்ணும் சொல்லல லாக்கி, மூணாவது வரிசைல சீட்டு சொல்லிட்டேன்."

ஒத்திகையில் லாக்கி வேறு கிழவிகளைத் தேடினான். லண்டன் சீமாட்டி ஒருத்தியைக் கொண்டுவந்தான், பிரெஞ்சுக்காரி ஒருத்தியைக் கொண்டுவந்தான். முர்டோ கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தான்.

"யாருண்ணே இந்தம்மா? விலாசம் தப்பி வந்துட்டாங்க போலிருக்கே."

"புதுசா ஏதாவது பண்ணலாம்னு."

"புதுசு எதுக்குண்ணே. அபர்டீன்காரியக் கொண்டாங்க. அவளுக்குத்தான் டிக்கெட் வித்திருக்கு."

லாக்கி மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு நாலடி நடந்தான். முர்டோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, வாயைத் திறந்தபடியே நின்றான். பிறகு மெதுவாக, "அய்யோ" என்றான். "நம்ம ஐனாக்கா."

"வாய மூடிக்கிட்டு இரு."

"நான் மூடிக்குவேண்ணே. ஊர் மூடுமா?"

இந்தக் கவலையில் இன்னொரு விஷயத்தை லாக்கி கவனிக்காமல் விட்டான். பான்டோவின் கடைசி இரண்டு வரிகள் ஒரே ஓசையில் முடியும். அவற்றைக் கிழவி சொல்ல, திரை விழும். முதல் காட்சியன்று கூட்டத்துக்கு முன்னால்தான் அவற்றை முதன்முதலாகச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் சொன்னால் நாடகம் விளங்காது என்பது அந்தத் தொழிலில் உள்ள அத்தனை பேருக்கும் ரத்தத்தில் ஊறிய பயம். அந்த இடம் வந்ததும் எல்லாரும் கையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதைப் பற்றிக் கேட்பதுகூட அபசகுனம். நாடகத்தை எழுதிய கில்ஃபிலன் ஒரு பள்ளி ஆசிரியர், கூச்ச சுபாவி. லண்டன் நடிகர் கடைசி வரிகளைத் தானே கொண்டுவருவார் என்று அவர் நினைத்திருந்தார். முதல் காட்சியன்று காலையில் அவர் ஒரு சீட்டில் எழுதிக் கையில் தருவார் என்று லாக்கி நினைத்திருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

முதல் காட்சி சனிக்கிழமை மதியம். வெளியே கிரீனக்கின் வழக்கமான மழை. ஆல்பா அரங்கம் ஈரக் கோட்டு நாற்றத்தோடு நிறைந்து வழிந்தது. லாக்கி திரை ஓட்டை வழியாகப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் ஐனா கோட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, மடியில் கைப்பையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைத்துணி முடிச்சை இறுக்கிக்கொண்டு அவன் மேடைக்குப் போனான்.

முதல் நாலடிக்குச் சிரிப்பு வரவில்லை. திகைப்புதான் வந்தது. அப்புறம் மாடி வரிசையிலிருந்து யாரோ ஒருவன் வெடித்தான், அரங்கமே வெடித்தது. அடுத்த நொடி, மந்திரம் போட்ட மாதிரி அத்தனை தலைகளும் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. கிழவி மூக்கை உறிஞ்சினாள், சிரிப்பு, தலைகள் திரும்பின. கிழவி நின்று ஜன்னலை நோட்டம் விட்டாள், சிரிப்பு, தலைகள் திரும்பின. ஐனா மட்டும் அசையவில்லை. முன்னால் மேடையைப் பார்த்தபடியே இருந்தாள்.

இடைவேளையில் முர்டோ துப்பு சொல்ல வந்தான்.

"எந்திரிக்கலண்ணே. ஐஸ்கிரீம் நீட்டினாங்க, வாங்கல. பக்கத்துல இருக்கறவங்க மூச்சுகூட விடாம உக்காந்திருக்காங்க."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"மூஞ்சி மாதிரி இருக்கு."

இரண்டாம் பாதியில் லாக்கி அக்காவை மறைக்கப் பார்த்தான். நேராக நடந்தான். மூக்கை உறிஞ்சவில்லை. எங்கும் நிற்கவில்லை. கோட்டுக்குள்ளே ஆளில்லாத மாதிரி ஆகிவிட்டது. குழந்தைகள் மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் சத்தம் மேடைவரை கேட்டது. எப்படியோ தள்ளிக்கொண்டு முடிவுக்கு வந்தான். இளவரசன் இளவரசியைக் கைப்பிடித்தான், எல்லாரும் படிகளில் நின்றார்கள், பாட்டு நின்றது. கிழவி முன்னால் வந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சீட்டு எதுவும் வரவில்லை.

பக்கவாட்டுத் திரை மறைவில் நின்ற கில்ஃபிலனைப் பார்த்தான். அவர் உற்சாகமாகத் தலையாட்டி, நீங்கதான் நீங்கதான் என்று கையைக் காட்டினார். லாக்கி கண்ணை உருட்டினான். அவர் முகம் வெளுத்தது. முர்டோ கையிலிருந்த பிரதியைப் புரட்டோ புரட்டென்று புரட்டினான். கடைசிப் பக்கத்தில் கோடு மட்டும் இருந்தது. எதுவும் இல்லாமல் அச்சடித்து, எதுவும் இல்லாமல் ஒத்திகை பார்த்து, எதுவும் இல்லாததை அத்தனை பேரும் பயபக்தியோடு காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

லாக்கி வாயைத் திறந்தான். ஒரு வரி எங்கிருந்தோ வந்து விழுந்தது.

"வீட்டுக்குக் கெளம்புங்க எல்லாரும், நேரமும் ஆச்சு..."

அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதே ஓசையில் முடிய ஒரு சொல் சிக்கவில்லை. அரங்கம் காத்திருந்தது. படியில் நின்ற இளவரசன் எச்சில் விழுங்கியது கேட்டது.

மூன்றாவது வரிசையில் ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம் எழுந்தது.

"என் வாய எடுத்துட்டுப் போனவனே, எங்கடா உன் பேச்சு?"

ஒரு கணம் ஒருவருக்கும் புரியவில்லை. மேடையில் ஒரு ஐனா, கீழே ஒரு ஐனா. பிறகு ஆல்பா அரங்கத்தின் ஒழுகுகிற கூரை எப்படித் தாங்கியது என்று தெரியாது. ஜனங்கள் நாற்காலியில் அடித்துக்கொண்டு, காலால் உதைத்துக்கொண்டு சிரித்தார்கள். முர்டோ திரையை இறக்கவே மறந்துபோனான். ஐனா எழுந்து, இடமும் வலமும் ஒருமுறை பார்த்தாள், ராணி பார்க்கிற மாதிரி. அப்புறம் வரிசையில் எல்லாருடைய முழங்காலையும் தாண்டி வெளியே போனாள்.

லாக்கி ஒப்பனை அறையில் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். கதவைத் தட்டாமல் அவள் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"எத்தனை வருஷமாடா?"

"அபர்டீன்லேர்ந்து."

"ஃப்ளூ காய்ச்சல்னு சொன்னியே, அப்பவா?"

அவன் தலையாட்டினான். "அக்கா, நான் உன்னக் கேலி பண்ணணும்னு..."

"கேலியா? கேலி பண்ணத்தான் ஆளுங்க கெடக்காங்களே. முதல் பாதில நான் இருந்தேன். ரெண்டாவது பாதில எவடா அவ, கஞ்சி போட்ட சட்ட மாதிரி? என்னை ஊரே திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க, நீ என்னைப் பாதிலயே எறக்கி விட்டுட்டுப் போயிட்ட. அதான் வயித்தெரிச்சல்."

லாக்கிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் கொஞ்சம் செய்தான்.

"ஆனா நடை தப்பு" என்றாள் ஐனா.

"தப்பா?"

"இடுப்புலேர்ந்து ஆட்டற. நான் என்ன கூத்தாடியா இடுப்ப ஆட்டறதுக்கு? அது முழங்கால்." அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி, கெட்டிக் காலுறைக்கு மேலே தட்டிக் காட்டினாள். இரண்டு முட்டியும் ரொட்டி மாவு மாதிரி வீங்கியிருந்தன. "பதினேழு வயசுல தரைல போட்டது. இது மடங்காது. அதனால காலை வீசித்தான் வைக்கணும். எங்க, நட பாப்போம்."

அவன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நடந்தான்.

"வலிக்கல உனக்கு. மறுபடி நட."

நடந்தான்.

"ம். இப்ப பரவால்ல. மழ நாள்ல எடது கால் இன்னும் கொஞ்சம் படுத்தும்."

அடுத்த காட்சிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வீட்டில் கொத்துக்கறியும் மசித்த கிழங்கும் இருக்கிறது, வந்து தின்றுவிட்டுப் போ என்றாள். மேட்டுத் தெருவில் இருவரும் ஏறினார்கள். மாலை நாலரைக்கே விளக்குகள் எரிந்தன. சின்ன வயதிலிருந்து லாக்கி அந்த மேட்டை ஓடியே ஏறியவன். மேலே போய் நின்று அக்கா வருகிறாளா என்று பார்ப்பான். இன்று அவளோடு சேர்ந்து ஏறினான்.

பத்தடி போனதும் அவள் நின்றாள். ஒரு ஜன்னலைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருஷமாக மேடையில் அவன் அந்த இடத்தில் நின்றிருக்கிறான். ஊர் வம்பு பார்க்க நிற்கிறாள் என்று நினைத்து, கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிச் சிரிப்பு வாங்கியிருக்கிறான். விளக்கு வெளிச்சத்தில் இப்போதுதான் தெரிந்தது, அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்து, முட்டியில் வலி இறங்கும் வரை காத்துக்கொண்டிருந்தாள்.

லாக்கியும் பக்கத்தில் நின்றான். அந்த ஜன்னலையே பார்த்தான்.

"யாரு வீடுக்கா அது?"

"எது?" ஐனா மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுவா. புதுசா வந்திருக்காங்க. திரைச்சீலையத் தொவைக்கவே மாட்டாங்க போலிருக்கு."

"ஆமா," என்றான் லாக்கி. "கொஞ்ச நேரம் பாப்போம்."